ஒரே பையனின் இரண்டு கிட்னிகள்

பொறாமையைப் பார்க்க வேண்டுமென்றால் கல்யாண வீட்டுக்கோ சொத்துப் பிரிக்கிற வீட்டுக்கோ போக வேண்டியதில்லை. கண்டிப் பெரியாஸ்பத்திரியில் சிறுநீரகம் மாற்றியவர்களுக்கான கிளினிக் நாளில் வெளியே போட்டிருக்கும் நீள வாங்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். மாஸ்க்கால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு எல்லோரும் சாதுவாகத்தான் இருப்போம். உள்ளே போன ஒருவர் ரிப்போர்ட்டோடு வெளியே வந்தால் போதும், நாலு பக்கத்திலிருந்தும் "எத்தனை?" என்று கேட்போம். கிரியேட்டினின் எத்தனை என்று அர்த்தம். அந்த எண் ஏறினால் உள்ளே வைத்த கிட்னி சோர்ந்துபோகிறது, இறங்கினால் நன்றாக வேலை செய்கிறது. குறைந்த எண் சொல்கிறவரிடம் "நல்லது, நல்லது" என்போம். மனதுக்குள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

நானும் அந்த வாங்கில் ஓர் ஆள்தான். பெயர் வீரய்யா. நாவலப்பிட்டி ஸ்டேஷனில் டிக்கட் கொடுத்துக்கொண்டிருந்தவன். எனக்குள் இருப்பது என் மனைவி கமலத்தின் கிட்னி. வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால், "என் கிட்னிய வச்சுக்கிட்டு எங்கிட்டயே சத்தம் போடுறீங்களா?" என்பாள். அதோடு நான் அடங்கிவிடுவேன். இப்படி வாழ்கிறவனுக்கு மற்றவர்களைப் பார்த்துப் பொறாமைப்படக்கூட நேரம் கிடைக்காது. ஆனால் எங்கள் கிளினிக்கில் பொறாமை என்றால் முதல் இடம் இராஜகுமாரிக்குத்தான். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். கோபிக்கவில்லை. "ஆமாண்ணே, எனக்கு வயித்தெரிச்சல் கூடத்தான். இல்லன்னு சொன்னா சாமி கண்ணக் குத்தும்" என்றாள்.

இராஜகுமாரி பிறந்தது தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில். தாய் இவளுக்கு நடை பழகும் வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். தாயின் முகம் இவளுக்கு ஞாபகமில்லை, வீட்டில் ஒரு போட்டோவும் இல்லை. தகப்பன் மறுதாரம் கட்டாமல் வளர்த்தார் என்று ஊர் மெச்சும். ஆனால் அந்த வளர்ப்பில் அண்ணன் காளிமுத்துவுக்கு முழுப் பங்கு, இவளுக்கு மிச்சப் பங்கு. கோழி அடித்தால் கால் அவனுக்கு, கழுத்து இவளுக்கு. இன்றைக்கும் கறிச்சட்டியில் கழுத்துத் துண்டைக் கண்டால் இவளுக்கு ஆத்திரம் வரும்.

பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டுக் கண்டி டவுனில் ஒரு புடைவைக் கடையில் சேர்ந்தாள். கெட்டிக்காரி. சேலையை உதறி மேசையில் விரிக்கும் விதத்திலேயே வாங்க வந்தவள் பாதி மயங்கிவிடுவாள். ஆனால் பக்கத்து மேசைக்காரி ஒரு கூறைச் சேலையை விற்றுவிட்டால் இவளுக்கு மத்தியானச் சோறு இறங்காது. மாநகர சபையில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் செல்லப்பாவைக் கல்யாணம் கட்டி, கட்டுக்கலையில் ஒரு சின்ன வீட்டில் மாமியார் அங்கம்மாவோடு குடித்தனம் வைத்தாள். பிள்ளை இல்லை. செல்லப்பா வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். அப்படி ஒருவர் கிடைத்ததால்தான் அந்தக் குடும்பம் ஓடியது.

ஒருநாள் கடையில் நின்றுகொண்டிருக்கும்போதே கால் வீங்கிச் செருப்பு இறுகியது. பிறகு முகம் ஊதியது. கடைத் தூசி என்று நினைத்தாள். இரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு கிட்னியும் முடிந்துவிட்டன என்றார்கள். அதன் பிறகு கிழமைக்குக் கிழமை டயலிசிஸ் மெஷினோடு வாழ்க்கை. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். தாகத்தில் ஐஸ் கட்டியை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டு, எதிர்க் கட்டில் நோயாளிக்குத் துணைக்கு வந்து தோடம்பழம் தின்கிற ஆட்களைப் பார்த்து எரிந்துகொண்டிருப்பாள்.

செல்லப்பா முதலில் கொடுக்க வந்தார். இரத்த வகை சேரவில்லை. "இத்தன வருசமா ஒரு வார்த்த எதுத்துப் பேசாத மனுசன். ரத்தம் மட்டும் எதுத்துக்கிச்சு" என்று இராஜகுமாரி சிரித்தாள், பிறகு அழுதாள். அண்ணன் காளிமுத்து வந்தான். தங்கச்சிக்கு இல்லாத கிட்னி எதற்கு என்று தெல்தோட்டை பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சொன்னான். பரிசோதனை எல்லாம் சரியாக வந்தது. கடைசிப் பரிசோதனைக்கு வரச் சொன்ன நாளில் போனை அணைத்துவிட்டான். அவன் பெண்சாதி மூக்காயி வேறு யாரிடமோ சொன்னாளாம், "கழுத்துத் துண்டுக்கே சண்ட புடிச்சவளுக்கு கிட்னியா?" என்று. இது எப்படியோ இராஜகுமாரியின் காதுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

மாமியார் அங்கம்மாவின் நியாயம் வேறு. செத்தவர்களிடமிருந்து எடுக்கிற கிட்னி வேண்டாம் என்பது அவள் கட்சி. உறுப்பில்லாமல் போகிறவன் அடுத்த பிறவியில் அந்த உறுப்பில்லாமல் பிறப்பான், அந்தப் பாவம் வாங்கினவள் தலையில்தான் விழும் என்றாள். "அடுத்த பொறவிய அப்பொறம் பாத்துக்கலாம் மாமி. இந்தப் பொறவிக்கு வழி சொல்லுங்க" என்று இராஜகுமாரி வாயை அடைத்தாள்.

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மோட்டார் சைக்கிளில் அடிபட்ட ஒரு பையன். மூளை இறந்துவிட்டது, இதயம் மட்டும் மெஷினில் ஓடுகிறது. தாய் சம்மதித்துவிட்டாள். அந்தப் பையனின் ஒரு கிட்னி இராஜகுமாரிக்கு வந்தது. மற்றது அக்குறணையிலிருந்து வந்த றமீஸா என்கிற பெண்ணுக்குப் போனது. இருவரும் ஒரே நாளில் மயக்கம் தெளிந்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்தார்கள். தாதிமார் "இரட்டைப் பிள்ளைகள்" என்று கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் இவர்கள் ஒட்டிக்கொண்ட விதத்தைப் பார்த்தால் கூடப்பிறந்தவர்கள் தோற்றுப்போவார்கள். ஒருத்திக்குச் சிறுநீர் நன்றாகப் போனால் மற்றவள் கைதட்டினாள்.

யாருடைய உறுப்பு யாருக்குப் போனது என்று ஆஸ்பத்திரி சொல்லாது. சொல்லக் கூடாது. ஆனால் நம் நாட்டில் ஒருவர் செத்தால் தெருவுக்கு வெள்ளைக்கொடி கட்டி, படம் போட்ட பதாகை தொங்கவிடுவார்களே. அம்பிட்டியப் பக்கம் மீட்டர் பார்க்கப் போன செல்லப்பா அப்படி ஒரு பதாகையைக் கண்டார். லஹிரு என்ற பெயர், இருபது வயது மதிக்கத்தக்க முகம், இரண்டு பேருக்குச் சிறுநீரகமும் இரண்டு பேருக்குக் கண்ணும் தந்து போன மகனே என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. திகதியும் பொருந்தியது. அந்த வீட்டுத் தாயின் பெயர் குசுமாவதி. புருஷன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை.

இராஜகுமாரி இதை மனதில் வைத்துக்கொண்டிருக்கலாம். வைக்கவில்லை. சந்தோஷத்தில் முதல் வேலையாக றமீஸாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். பின்னாளில் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்: "நாந்தாண்ணே கண்டுபுடிச்சேன். எங்க வீட்டு மனுசந்தான் கண்டாரு. நா வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா அந்தம்மா எனக்கு மட்டும்தான்."

குசுமாவதிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அவள் இருவரையும் வருடத் தானத்துக்கு வரச் சொன்னாள். மகன் செத்து ஒரு வருடம் நிறையும்போது ஹாமதுருமாரை, அதாவது புத்த பிக்குமாரை, வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு கொடுத்து, அந்தப் புண்ணியத்தை மகனுக்குச் சேர்ப்பிக்கிற நாள் அது.

அன்றைக்குத்தான் இராஜகுமாரி தவறு செய்தாள். தவறு என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் பழக்கம் அது. டாக்டர் வெளிச் சாப்பாடு கூடாது, கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். கிட்னியை உடம்பு தள்ளாமலிருக்க நாங்கள் விழுங்கும் குளிசைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும், சின்னக் கிருமியும் பெரிய ஆளாகிவிடும். ஆகவே இவள் மாஸ்க் போட்டு, வீட்டிலிருந்து சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய், ஒரு மூலைக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். சோற்றைத் தொடவில்லை. எல்லாம் முடிந்ததும், சாவு வீட்டில் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது என்ற முறைப்படி ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள். சாவு நடந்து ஒரு வருடமாகிவிட்டது, சிங்கள வீட்டில் அந்தத் தானம் புண்ணிய நாள், அங்கே சொல்லிக்கொண்டுதான் போவார்கள் என்று யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது?

றமீஸா அப்படியில்லை. டாக்டர் சொன்னதை அன்றைக்கு மட்டும் தள்ளி வைத்தாள். ஹாமதுருமாரின் சடங்கு முடியும்வரை வெளியே பொறுத்திருந்து, பிறகு உள்ளே போய்க் குசுமாவதியோடு தரையில் இருந்து சோறும் பலாக்காய்க் கறியும் சாப்பிட்டாள். புறப்படும்போது இரண்டு கையையும் பிடித்து, "போயிட்டு வாறேன் அம்மா" என்று சிங்களத்தில் சொன்னாள். குசுமாவதி அங்கேயே உடைந்து அழுதாளாம். லஹிரு ஒருநாளும் சொல்லாமல் வாசல் தாண்டாதவன். அந்தக் காலையில் மட்டும் ஏதோ கோபத்தில் சொல்லாமல் போனவன், திரும்பி வரவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் றமீஸா இதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். "அக்கா, நீங்க சொல்லாம வந்துட்டீங்க எண்டு அந்த உம்மாக்கு சரியான கவல. ஒங்கள தேடித் தேடி ரோட்டுக்கு வந்து பாத்தாங்க."

"எனக்குச் சொல்லித்தர நீ யாரு?" என்று இராஜகுமாரி பாய்ந்தாள். வாங்கில் இருந்த நாங்கள் எல்லாம் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து தொடங்கியது. றமீஸா மாதா மாதம் கிளினிக் முடிந்ததும் அம்பிட்டிய பஸ்ஸில் ஏறுவாள். குசுமாவதி அவளை "துவ" என்று கூப்பிடத் தொடங்கினாள். சிங்களத்தில் மகள் என்று அர்த்தம். இராஜகுமாரியும் போனாள், பழமும் பிஸ்கட்டும் கொண்டு போனாள், சிங்களம் றமீஸாவைவிட நன்றாகப் பேசினாள். ஆனால் அவளை அந்தத் தாய் "மிஸ்" என்றுதான் கூப்பிட்டாள். கதிரை போட்டு, நல்ல கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தாள். றமீஸா போனால் குசினிக்குள்ளேயே போய் இருந்து தேங்காய் துருவிக் கொடுக்கிறாளாம். "எனக்குக் கதிரண்ணே. அவளுக்கு அடுப்படி. பாத்தீங்களா வித்தியாசத்த?" என்று என்னிடம் கேட்டாள். கதிரைக்காக ஒருத்தி கவலைப்பட்டதை நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் கேட்டேன்.

இதற்கு மேல் கிரியேட்டினின் வேறு. றமீஸாவுக்கு ஒன்றில் நிற்கும். இராஜகுமாரிக்கு ஒன்றரைக்குப் பக்கத்தில். ஒரே பையனின் கிட்னி, ஒரே நாள், ஒரே டாக்டர், ஒரே குளிசை. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் யாரோ ஒரு பயிற்சி டாக்டர், றமீஸாவுக்கு வைத்தது இடது கிட்னி, இடதுக்கு இரத்தக்குழாய் நீளம், தைக்கச் சுலபம் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். "எனக்கு வலதத் தந்துட்டாங்கண்ணே. பொறந்ததுல இருந்து எனக்கு மிச்சந்தான்." வலது கிட்னியும் முழுக் கிட்னிதான், அதோடுதான் பாதிப் பேர் வாழ்கிறார்கள் என்று நானும் டாக்டரும் கமலமும் மாறி மாறிச் சொன்னோம். காதில் விழவில்லை.

றமீஸா கண்தானத்துக்குப் பெயர் கொடுத்தாள். அவளுடைய ஊர்ப் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டுத் தெளிந்துதான் கொடுத்தாள். அந்தச் செய்தி வந்த கிழமையே இராஜகுமாரியும் போய்க் கொடுத்தாள். இத்தனை குளிசை விழுங்கிய உடம்பிலிருந்து எடுப்பார்களோ மாட்டார்களோ, அதை எல்லாம் அவள் கேட்கவில்லை. அங்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "அடுத்த பொறவியில குருடியாப் பொறப்படி" என்றாளாம். "பொறந்தாப் பொறக்கிறேன். அவ மட்டும் புண்ணியத்தத் தட்டிக்கிட்டுப் போவா, நா பாத்துக்கிட்டு இருக்கவா?" என்றிருக்கிறாள். தானம் கொடுக்க ஆயிரம் காரணம் இருக்கலாம். அதில் இதுவும் ஒன்று. கண் கிடைக்கிறவனுக்கு இந்தக் காரணம் ஏதும் தெரியப்போவதில்லை.

இரண்டாம் வருடத் தானத்தில் நடந்ததைத்தான் அவளால் கடைசிவரை தாங்க முடியவில்லை. அன்றைக்கு இவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். விடியற்காலையில் போய்க் காய் வெட்டினாள். தரையில் இருந்து சாப்பிட்டாள். சொல்லிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றாள். அந்த நேரம் குசுமாவதி றமீஸாவின் அருகில் வந்து, "பார்க்கட்டுமா?" என்று கேட்டு, உடுப்புக்கு மேலாக அவள் அடிவயிற்றின் வலது பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். மாற்றி வைக்கிற கிட்னி முதுகுப் பக்கம் போகாது. இடது கிட்னியானாலும் வலது கிட்னியானாலும் பெரும்பாலும் முன்னால் வலது பக்கத்தில், இடுப்பெலும்புக்கு மேலேதான் வைப்பார்கள். கை வைத்தால் சின்ன மேடு தெரியும். குசுமாவதி கண்ணை மூடிக்கொண்டு, மகன் தலையைத் தடவுகிற மாதிரி அந்த மேட்டைத் தடவினாளாம்.

அடுத்தது தனக்குத்தான் என்று இராஜகுமாரி சேலை முந்தானையை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். அதற்குள் ஹாமதுருமாரின் வாகனம் புறப்படுகிறது என்று யாரோ கூப்பிட, குசுமாவதி வாசலுக்கு ஓடிவிட்டாள். திரும்பி வரவில்லை. "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வச்சிருக்கலாம்லண்ணே. எனக்குள்ளயும் அவங்க மகன்தான இருக்கான்?" என்று கிளினிக் வாங்கில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாய் முகம் தெரியாதவள் ஒரு தாயின் கைக்கு ஏங்குகிறாள் என்று விளங்கியது. அதோடு, அந்தக் கை றமீஸாவின் மேல் படாமல் இருந்திருந்தால் இவளுக்கு இந்த ஏக்கம் பாதியாகத்தான் இருந்திருக்கும் என்பதும் விளங்கியது.

அதற்கடுத்த வருடம் றமீஸா இரண்டு கிளினிக்குக்கு வரவில்லை. மூன்றாவதுக்கு இராஜகுமாரிதான் வார்டுக்குள் போய்த் தேடினாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் இரத்தமே இல்லை. றமீஸாவுக்கு விடாத காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்திருக்கிறது. விழுங்கிய குளிசை உடம்பில் ஒட்டவில்லை. அந்த இடைவெளியில் உடம்பு அந்தக் கிட்னியை வெளி ஆள் என்று கண்டுகொண்டு தாக்கிவிட்டது. டாக்டர்கள் எவ்வளவோ போராடினார்கள். நிற்கவில்லை. அவள் மறுபடியும் டயலிசிஸ் மெஷினில்.

"மொதல்ல எனக்கு என்னா தோணுச்சு தெரியுமாண்ணே?" என்றாள் இராஜகுமாரி. "அப்பாடான்னு தோணுச்சு. இனி அந்தம்மாவுக்கு நா மட்டும்தான்னு. அந்தப் புள்ள வெளுத்துப்போய்ப் படுத்திருக்கா, ரெண்டு சின்னப் புள்ளைங்க வெளிய நிக்குதுக. எனக்கு இது தோணுது. நா மனுசியாண்ணே?" பிறகு கையை அடிவயிற்றில் வைத்து அழுத்திப் பார்த்தாள். பயந்துபோயிருந்தாள். அதுவும் அதே பையனுடையதுதான்.

றமீஸா அவளிடம் ஒன்று கேட்டிருந்தாள். "அக்கா, அந்த உம்மாட்ட சொல்லிராதீங்க. மகன் இன்னொரு தரம் மவுத்தான மாதிரி போயிரும். நான் சொகமா ஈக்கிறன் எண்டு சொல்லுங்க. ஒங்கட கால்ல உழுறன்."

"நீ என்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"பாப்பம்னு சொன்னேன்."

அந்தப் "பாப்பம்" எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கமலத்திடம் சொன்னேன். "சொல்லிருவா. எத்தன வருச எரிச்சல். நானா இருந்தாலும் சொல்லிருவேன்" என்றாள் கமலம். மூன்றாம் வருடத் தானம் நெருங்கியது. இராஜகுமாரி என்னையும் கூட வரச் சொன்னாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். செல்லப்பாவுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை.

கண்டியிலிருந்து ஆட்டோவில் போனோம். வழி முழுக்க நான்தான் பேசினேன். உண்மையைச் சொல்வது குற்றமில்லை, ஒருநாள் அந்தத் தாய்க்குத் தெரியத்தானே வேண்டும் என்றேன். பிறகு நானே மாற்றி, றமீஸாவுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் என்றேன். "நா ஒரு வார்த்தையும் குடுக்கலண்ணே" என்றாள்.

அம்பிட்டிய வீட்டில் அந்த வருடம் கூட்டம் குறைவு. குசுமாவதியை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். மெலிந்த, சின்ன உருவம். வெள்ளை உடுத்தியிருந்தாள். தானம் முடிந்து ஹாமதுருமார் போன பிறகு எங்களைக் குசினிக்குள்ளேயே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அடுப்படியில் ஒரு பலகைக் கட்டையில் இராஜகுமாரி உட்கார்ந்ததும் அவள் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். பாவி, அந்த நேரத்திலும் அவளுக்கு அது பெரிதாக இருந்தது.

குசுமாவதி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். சிங்களத்தில்தான் பேசினாள்.

"என் துவ வரவில்லையே. சில மாதமாகவே வரவில்லை. போன் எடுத்தால் அவசரமாக வைத்துவிடுகிறாள். சுகமாகத்தானே இருக்கிறாள்?"

இராஜகுமாரி கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் இவள் தேடியது எல்லாம் இவளுக்கு வந்துவிடும். துவ என்ற பெயரும், இந்த அடுப்படியும், மிஞ்சியிருக்கும் ஒரே கிட்னியின் சொந்தக்காரி என்ற உரிமையும். பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னாலே போதும்.

"நல்லா இருக்காம்மா" என்றாள் இராஜகுமாரி. "பிள்ளைகளுக்குப் பரீட்சை. அதான் வர முடியல."

"உண்மையாகவா? அவளுடையது எப்படி வேலை செய்கிறது?"

இராஜகுமாரி கோப்பையை மறுபடியும் கையில் எடுத்தாள். "அவளுடையதா? அது எப்பவும் போலத்தான். என்னுடையத விட அவளுடையது நல்லா ஓடுது."

என் வாழ்க்கையில் அவள் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை நான் கேட்டதில்லை. ஒவ்வொரு சொல்லும் பல் பிடுங்குகிற மாதிரி வெளியே வந்தது. குசுமாவதி பெருமூச்சு விட்டு, இரண்டு கையையும் கும்பிட்டு நெற்றியில் வைத்தாள். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். "எனக்குத் தெரியும். அது கெட்டிக்காரப் பிள்ளை" என்றாள். றமீஸாவைச் சொன்னாளோ கிட்னியைச் சொன்னாளோ எனக்கு விளங்கவில்லை. இராஜகுமாரி அதையும் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

பிறகுதான் குசுமாவதி அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். "அவளுடையது உங்களுடையதைவிட நல்லது என்றால், உங்களுடையதுக்கு என்ன? சுகமில்லையா?"

"சுமாரா ஓடுதும்மா."

குசுமாவதி அவள் முன்னால் முழங்காலில் இருந்தாள். முந்தானையை ஒதுக்கி, அடிவயிற்றின் வலது பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இராஜகுமாரி அசையவில்லை. போன தானத்திலிருந்து எதற்காக எரிந்துகொண்டிருந்தாளோ அந்தக் கை அவள் மேல் இருந்தது. அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். லஹிருவின் கிட்னி இந்த உலகத்தில் இப்போது உயிரோடு அந்த ஒரு கையின் கீழ் மட்டும்தான் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கை வைத்திருந்தவளுக்குத் தெரியாது.

குசுமாவதி மெதுவாகத் தடவிக் கொடுத்தாள். பயந்த பிள்ளைக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்:

"பயப்படாதே துவ. இது களைத்துப் போனாலும் பரவாயில்லை. அவளிடம் மற்றது இருக்கிறதே."

"ஆமாம்மா" என்றாள் இராஜகுமாரி. "அவகிட்ட இருக்கு."